வெட்சூட்டா, டிரைசூட்டா?

போன ஞாயிறு காலை டொராண்டோவிலிருந்து அக்கா பையன் போன் செய்தான். "மாமா, ஒரு பொருள் வாங்கணும். உங்ககிட்ட கேட்டா கணக்குப் போட்டுச் சொல்லுவீங்கன்னு அம்மா சொன்னாங்க." வீட்டுக்கடன் விஷயம் என்று நினைத்துப் பேனாவை எடுத்தேன். அவன் கேட்டது வேறு. குளிர்ந்த ஏரியில் முங்குவதற்கு வெட்சூட் வாங்குவதா, டிரைசூட் வாங்குவதா? பி.காம். படித்துவிட்டு இருபது வருஷமாக பேங்கில் குப்பை கொட்டுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது!

ஹூரான் ஏரிக்கரையில் டோபர்மோரி என்று ஓர் ஊர். அங்கே 1987-ல் ஏற்படுத்திய நீரடிப் பூங்காவில் இருபதுக்கும் மேற்பட்ட பழைய கப்பல்கள் மூழ்கிக் கிடக்கின்றன. நம்ம ஆளுக்கு 1884-ல் மூழ்கிய 'அரேபியா'வைப் பார்க்க வேண்டுமாம். 30 மீட்டருக்கும் கீழே. கோடையிலும் அந்த ஆழத்தில் தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழேதான்.

எங்கள் ஊர் தூத்துக்குடி, திரேஸ்புரம். அப்பா சங்கு குளித்தவர். இடுப்புத் துணியும் பனியனும்தான் அவர் 'சூட்'. எங்கள் கடல் 28 டிகிரி இருக்கும். அதிலேயே மதியம் கரைக்கு வரும்போது உதடு நீலம் பாய்ந்து நடுங்குவார். காற்றைவிட இருபது, இருபத்தைந்து மடங்கு வேகமாகத் தண்ணீர் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். கருப்பட்டிக் காப்பி ரெண்டு டம்ளர் உள்ளே போனபிறகுதான் பேச்சே வரும். "எம் பிள்ளைக கடல்ல எறங்கக் கூடாது" என்று சொல்லித்தான் என்னை பி.காம். சேர்த்தார். இப்போது பேரன் சொந்தக் காசு போட்டு இறங்குகிறான்!

சரி, கேட்டுவிட்டானே என்று ரெண்டு நாள் படித்தேன். வெட்சூட் என்பது நியோபிரீன் ரப்பர் நுரை. உள்ளே தண்ணீர் வரும். அந்தத் தண்ணீர்தான் சூடு கொடுக்கிறது என்று நினைத்திருந்தேன். இல்லையாம். நுரைக்குள் இருக்கும் வாயுக் குமிழிகள்தான் சூட்டைப் பிடித்து வைக்கின்றன. உடம்பு நனைந்தாலும் பரவாயில்லை, குமிழிகள் காப்பாற்றும் என்று 1950-களின் தொடக்கத்தில் கண்டுகொண்டவர் ஹியூ பிராட்னர் என்ற அமெரிக்க இயற்பியலாளர்.

சிக்கல் என்னவென்றால், 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு, 30 மீட்டரில் நான்கு மடங்கு. குமிழி நசுங்கி கால்வாசியாகிவிடும். அதாவது, குளிர் கூடக் கூட சட்டை மெலிந்துகொண்டே போகும். இப்படி ஒரு இன்சூரன்ஸ் பாலிசியை யாராவது எடுப்பார்களா?

டிரைசூட்டைப் புரிந்துகொள்ள ஒரு பக்கெட்டில் ஐஸைக் கொட்டிக் கையை விட்டுப் பார்த்தேன். கம்பளிக் கையுறை மட்டும்: நனைந்து, ஒரு நிமிஷத்தில் விரல் கடுத்தது. பாத்திரம் கழுவும் ரப்பர் உறை மட்டும்: அதேதான். கம்பளி உள்ளே, ரப்பர் வெளியே: சுகம்! டிரைசூட்டும் இதுதான். வெளிச்சட்டை தண்ணீரைத் தடுக்கும், உள்ளாடை சூட்டைக் காக்கும். (ஐஸ் பக்கெட்டைப் பார்த்துவிட்டு வீட்டம்மா சொன்னதை இங்கே எழுத முடியாது.)

ஆனால் இதிலும் வில்லங்கம் உண்டு. ஆழம் போகப்போக சூட்டுக்குள் காற்று ஏற்ற வேண்டும், மேலே வரும்போது வெளியேற்ற வேண்டும். காற்று காலுக்குப் போய்விட்டால் தலைகீழாக மேலே தூக்கி எறியும். அவ்வளவு வேகமாக மேலே வந்தால் நுரையீரலுக்கும் ரத்தத்துக்கும் ஆபத்து. விலையும் பல மடங்கு. பயல் போட்ட திட்டம், பழைய டிரைசூட் ஒன்றை மலிவாக வாங்கிப் பயிற்சி எதுவும் இல்லாமல் இறங்கிவிடுவது!

அப்பா இப்போது எங்களோடு மௌலா அலியில்தான் இருக்கிறார். ஐம்பது வயதிலேயே காது போய்விட்டது. எதையும் எழுதித்தான் காட்ட வேண்டும். பழைய செலான் பின்பக்கத்தில் பேரனின் திட்டத்தை எழுதி நீட்டினேன். ஜன்னல் வழியே தர்கா குன்றைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு, காது கேட்காதவர்களுக்கே உரிய உரத்த குரலில், "சட்டை கெடக்கட்டும். காதுக்கு என்ன பண்ணுவான்?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அவர் காதை வாங்கியது குளிர் இல்லை, அழுத்தம். எந்த சூட்டும் அதைத் தடுக்காது. இறங்கும்போதே அடிக்கடி மூக்கைப் பிடித்துக் காதுக்குள் காற்றைச் சமன் செய்ய வேண்டும். சளி இருந்தால் இறங்கவே கூடாது. வலியோடு இறங்கித்தான் அப்பா எனக்கு பீஸ் கட்டினார்.

ராத்திரி போன் போட்டேன். "ஏலே, ஆழத்துக்கு டிரைசூட்தான். ஆனா இப்ப வாங்காத. இந்த வருஷம் வாடகை வெட்சூட்ல கரையோரமா ஆறேழு மீட்டர்ல கெடக்கிற 'ஸ்வீப்ஸ்டேக்ஸ்' கப்பலைப் பாரு. சூட்டுக்கு வச்ச காசுல முதல்ல டிரைசூட் பயிற்சி எடு. அதுக்கும் முன்னால காது டாக்டரைப் பாரு."

"காதா? எதுக்கு மாமா?"

"தாத்தா சொன்னாரு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சரி மாமா" என்றான்.