நாற்பத்தெட்டு நாள்

குணசீலம், காவிரியின் வடகரை. பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலில் மனம் பாதித்தவர்களை ஒரு மண்டலம், 48 நாள், தங்கவைப்பது வழக்கம். உச்சிக்காலத்திலும் அர்த்தசாமத்திலும் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். என்னிடம் சிகிச்சைக்குப் புதிதாக வரும் குடும்பத்திடம் நானே கேட்டுவிடுவேன்: "குணசீலம் போய் வந்தீங்களா?" ஒளிக்க வேண்டியதில்லை என்று தெரிந்ததும் மற்றதையும் சொல்வார்கள்.

*

சாமி ஆடுவது நோயல்ல. உடுக்கை அடித்தால் வரும். கற்பூரம் காட்டினால் மலையேறும். ஊரே அதற்காகக் காத்து நிற்கும். நோயின் குரலுக்கு வேளை கிடையாது. களத்துமேட்டிலும் கேட்கும், நடுச்சாமத்திலும் கேட்கும். கேட்பவர் நாளுக்கு நாள் தனியாகிப் போவார்.

*

மனச்சிதைவைக் காட்டித்தரும் ரத்தப் பரிசோதனை இல்லை. தைராய்டு, வலிப்பு, மது, மூளைக்காய்ச்சல் என ஒவ்வொன்றாக விலக்க வேண்டும். மீதியெல்லாம் கேட்டுத்தான் அறிய வேண்டும். தூக்கம் எப்போது போனது? சோற்றில் ஏதோ கலந்திருப்பதாக எப்போது சொல்ல ஆரம்பித்தார்? தாய்க்குத் தேதி நினைவிருக்காது. "குறுவை நடவப்ப" என்பார். எனக்கு அது போதும்.

*

சோர்ந்து வந்தவரிடம் மறக்காமல் கேட்க வேண்டியது: முன்பு எப்போதாவது நாள் கணக்கில் தூங்காமலே தெம்பாக இருந்தீர்களா? கடன் வாங்கி அள்ளி இறைத்தீர்களா? ஆமென்றால் அது இருதுருவ நோயாக இருக்கலாம். சோர்வுக்கான மாத்திரையை மட்டும் கொடுத்தால் வெறி கிளம்பிவிடக்கூடும்.

*

இருதுருவ நோய்க்கு லித்தியம். 1949இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் கண்டு சொன்னது, இன்றும் கைகொடுக்கிறது. வேர்த்து நீர் வற்றினால் ரத்தத்தில் அதன் அளவு ஏறி நஞ்சாகும். சித்திரை வெயிலில் வரப்பு வெட்டுபவருக்குச் சீட்டு மட்டும் போதாது. தண்ணீர் நிறையக் குடியுங்கள், உப்பைத் திடீரென்று குறைக்காதீர்கள், வாந்தி பேதி என்றால் உடனே வாருங்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

*

ஆகஸ்ட் 6, 2001. ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியை எந்த வடிவிலும் தடை செய்கிறது. கணுக்காலில் தழும்பைப் பார்த்தால் இப்போதும் எனக்குப் பேச்சு வருவதில்லை.

*

தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் முதலில் தொடங்கியது திருச்சியில், 1997இல். பேருந்து போகும் தூரத்தில் மாத்திரை கிடைப்பதே பாதி வைத்தியம்.

*

மனச்சிதைவுக்குத் தரும் மாத்திரையை எல்லாரும் "தூக்க மாத்திரை" என்கிறார்கள். தூக்கம் முதல் ராத்திரியே வந்துவிடும். குரல் அடங்கச் சில வாரங்கள் ஆகும். அந்தப் பொறுமை நம் மக்களுக்கு உண்டு, மண்டலம் இருந்தவர்கள்தானே. சிரமம் அதற்குப் பிறகு. முதல் முறை நோய் கண்டவரும் குணமான பின் ஓரிரு வருடமாவது விடாமல் சாப்பிட வேண்டும்.

"நல்லாத்தானே இருக்கான் அய்யா, நிறுத்திடலாமா?"

"பயிர் பால் பிடிக்கிறப்ப தண்ணிய நிறுத்தினா என்னம்மா ஆகும்?"

"பதராப் போயிரும்."

சொல்லிவிட்டு மகனைப் பார்த்தார். அடுத்த மாதத்துக்கான சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.