மேடையில் நிற்பது யார்?

உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே பக்கத்து வீட்டுக் கல்யாணத்தை அவர் வர்ணிக்க ஆரம்பித்தால் போதும், அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அத்தையோ, சித்தியோ, நாத்தனாரோ, யாராயிருந்தால் என்ன? அதே அம்மாளை மாதர் சங்க ஆண்டு விழாவில் மேடையேற்றி, "எங்கே, கொஞ்சம் வேடிக்கையாகப் பேசுங்கள்!" என்று ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்துப் பாருங்கள். குரல் மாறிவிடும். "பெரியோர்களே, தாய்மார்களே" என்று தொடங்கி, எங்கேயோ படித்த துணுக்கு ஒன்றைச் சொல்லிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிவிடுவார். சமையலறையில் இருந்த மனுஷி எங்கே போனாள்?

இந்த ஆராய்ச்சி எனக்கு ஏன் வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் பில்லிஸ் டில்லர் என்ற அமெரிக்க அம்மாளை உங்களுக்கு அறிமுகம் செய்துவைக்க வேண்டும்.

1917-ம் வருஷம் ஒஹையோ மாகாணத்தில் பிறந்தவர். ஐந்து குழந்தைகளுக்குத் தாயார். கணவருக்கோ எந்த உத்தியோகமும் நிலைத்ததில்லை. குடும்பம் நடக்க வேண்டுமே! ரேடியோ நிலையத்தில் விளம்பரம் எழுதும் வேலைக்குப் போனார் பில்லிஸ். ஆனால் அந்தக் கணவர் ஒரு காரியம் செய்தார். 'உனக்குத்தான் சிரிக்க வைக்கத் தெரிகிறதே, மேடை ஏறு' என்று மனைவியை விடாமல் நச்சரித்தார். 1955-ம் வருஷம் மார்ச் 7-ந் தேதி, ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில் 'பர்ப்பிள் ஆனியன்' என்ற நிலவறைக் கேளிக்கைக் கூடத்தில் பில்லிஸ் முதன்முதலாக மேடை ஏறினார். (ஊதா வெங்காயம்! இப்படியும் ஒரு பெயர் வைப்பார்களா என்று என்னைக் கேட்காதீர்கள்.) அப்போது அவருக்கு வயது 37.

அன்று மேடையில் நின்றது பிற்காலத்தில் உலகம் அறிந்த பில்லிஸ் டில்லர் அல்ல. பிரபல பாடகிகளைப் போலப் பாடிக் காட்டினார். கைக்கு அகப்பட்ட சாமான்களையெல்லாம் வைத்துக்கொண்டு வேடிக்கை செய்தார். மற்றவர்களைப் போலச் செய்வதில் ஒரு சௌகரியம் உண்டு. ஜனங்கள் சிரிக்காவிட்டால், 'போகட்டும், அது நான் இல்லையே' என்று தேற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கூடத்தில் அவர் ஆடியது ஓர் இரவு, இரண்டு இரவு அல்ல, 89 வாரங்கள்! இரவுக்கு இரவு எதற்குச் சிரிப்பு வந்ததோ அது நின்றது, வராதது போயிற்று. பாட்டுக் குறைந்தது, சாமான்கள் குறைந்தன. கடைசியில் மிஞ்சியது, வீட்டு வேலை செய்யத் தெரியாத ஒரு வீட்டுக்காரி. இஸ்திரி போடவேண்டிய துணிகள் மலைபோல் சேர்ந்துவிட்டால் கொல்லையில் குழிதோண்டிப் புதைத்துவிடுகிறேன் என்று சொல்லும் வீட்டுக்காரி.

அவருடைய கோலத்தைக் கேளுங்கள். மின்சாரம் பாய்ந்தது போல் சிலிர்த்து நிற்கும் தலைமயிர். கோணிப்பை போன்ற கவுன். கையில் நீளமான சிகரெட் குழல். அது வெறும் மரம்; அம்மாளுக்குப் புகைபிடிக்கும் வழக்கமே கிடையாது. கவுன் விஷயம் இன்னும் வேடிக்கை. அவருக்கு உண்மையில் நல்ல உடற்கட்டு. அது தெரிந்தால், தன் அவலட்சணத்தைப் பற்றித் தானே சொல்லும் ஹாஸ்யத்துக்கு யார் சிரிப்பார்கள்? ஆகவே கோணிப்பை!

மேடையில் அவர் வாய்க்கு வாய் திட்டித் தீர்த்த புருஷனுக்கு 'ஃபாங்' என்று பெயர். கோரைப்பல் என்று அர்த்தம். அது என் கணவர் அல்ல, கற்பனை என்று அவர் சொல்லி வந்தார். 1965-ல் அந்தக் கணவரிடமிருந்து விவாகரத்து ஆயிற்று. ஃபாங் மட்டும் மேடையை விட்டுப் போகவில்லை.

'அப்படியானால் எல்லாமே வேஷம்தானே? இதில் அசல் எங்கே?' என்று கேட்பீர்கள். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். வேலை ஓயாத வீடும், போதாத பணமும் அசல். 'என்னால் இதையெல்லாம் சமாளிக்க முடியவில்லை, அம்மா!' என்ற அலுப்பு அசல். அழுகையை மட்டும் வடிகட்டிவிட்டு, மீதியைப் பத்து மடங்கு பெரிதாக்கி மேடைக்குக் கொண்டுவந்தார். உள்ளேயிருந்த ஒன்றுக்குத்தான் வேஷம் போட்டார். அதனால்தான் கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு, இவள் நம்மவள் என்று தோன்றியிருக்க வேண்டும்.

இந்த 'ஒன்றுக்கும் உதவாத' வீட்டுக்காரியின் மறுபக்கத்தையும் பாருங்கள். தம்முடைய ஹாஸ்யங்களை ஒவ்வொன்றாகச் சிறு அட்டையில் பதித்து, விஷயவாரியாகப் பிரித்து, இழுப்பறைகள் கொண்ட இரும்பு அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார். அட்டைகள் 50,000-க்கு மேல்! 2003-ல் அந்த அலமாரி வாஷிங்டனிலுள்ள ஸ்மித்ஸோனியன் காட்சிசாலைக்குப் போய்ச் சேர்ந்தது. நம் வீட்டு அஞ்சறைப்பெட்டிகூட அத்தனை ஒழுங்காக இருக்குமா, சொல்லுங்கள்! 1970-களில் அவர் சிம்பனி வாத்திய கோஷ்டிகளுடன் பியானோவும் வாசித்தார். 2012-ல், 95-வது வயதில் காலமானார்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

என் தங்கையின் பெண் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். மாலையில் காப்பிக் கடை மாடிகளில் 'ஓப்பன் மைக்' என்று நடத்துகிறார்களே, யார் வேண்டுமானாலும் ஐந்து நிமிஷம் பேசிச் சிரிக்க வைக்கலாம், அதற்குப் போகிறாள். ஒரு நாள் என்னையும் அழைத்துப் போனாள். மேடையில் அங்குமிங்கும் நடந்து, பம்பாய்ப் பையன்கள் மாதிரி இங்கிலீஷில் படபடவென்று பேசினாள். மூன்று இடத்தில் சிரிப்பு வந்தது. அதில் இரண்டு அவள் சிநேகிதிகளுடையது.

திரும்பும்போது ஆட்டோவில், "நீ இப்படிப் பேச மாட்டாயேடி" என்றேன்.

"அப்போ நான் எப்படிப் பேசுவேன், பெரியம்மா?"

"வீட்டில் நீ சிரிக்கவே மாட்டாய். போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுப்பது மாதிரி மெதுவாகச் சொல்வாய். நாங்கள்தான் சிரிப்போம்."

அவள் பதில் சொல்லவில்லை. பில்லிஸ் டில்லர் கதையை அன்று இரவு சொன்னேன். அடுத்த சில மாதங்களில் அவள் மேடைப் பேச்சு மெதுவாயிற்று, வீட்டில் பேசுவதைவிடவும் மெதுவாக. ஒரு நாள் ஆபீஸ் அடையாள அட்டையைக் கழற்ற மறந்து மேடை ஏறினாள். புகார் குரலும் கழுத்தில் அட்டையுமாகப் பார்த்ததுமே கூட்டம் சிரித்தது. அது முதல் அட்டையைக் கழற்றுவதில்லை.

பிறகு வந்தது டப்பாக் கதை. என் தங்கை வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. எந்த எவர்சில்வர் டப்பா, யார் வீட்டுக்கு, எந்தத் தேதியில் போயிற்று, எப்போது திரும்பிற்று என்று அத்தனையும் அதில் இருக்கும். பேர் வெட்டின கல்யாண டப்பா ஒன்றைப் பெண் ஆபீஸில் தொலைத்துவிட்டு, அம்மாவிடம் விசாரணைக்கு நிற்பதுதான் கதை. கடையே அதிர்ந்தது. யாரோ செல்போனில் படம் பிடித்தார்கள். கோயம்புத்தூர் உறவு ஒன்று அதை என் தங்கைக்கே அனுப்பி வைத்தது!

நாலு நாள் தாயும் பெண்ணும் பேசவில்லை. என்னிடம் தங்கை சொன்னாள்: "பொய் ஒன்றும் சொல்லவில்லை, அக்கா. ஆனால் அந்த நோட்டு எதற்கென்று சிரிக்கிறவர்களுக்குத் தெரியாதே!"

எனக்குத் தெரியும். கணவர் போனபோது பெண்ணுக்கு ஒன்பது வயது. சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி இடித்து, வீடு வீடாக டப்பாவில் கொடுத்துத்தான் தங்கை அவளைப் படிக்க வைத்தாள். ஒரு டப்பா திரும்பாவிட்டால் அந்த வாரக் கணக்கு உதைக்கும்.

பெண் மெல்லச் சொன்னாள்: "அது தெரிந்தால் யாரும் சிரிக்க மாட்டார்களே, அம்மா."

இருவர் சொன்னதும் எனக்கு நியாயமாகவே பட்டது. என்ன தீர்ப்புச் சொல்ல? அவள் அந்தக் கதையை நிறுத்திவிட்டாள். இரண்டு மாதம் வேறு எதையோ பேசிப் பார்த்தாள், எடுபடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். மிளகாயை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தவள் தலை நிமிராமலே கேட்டாள்:

"அந்த டப்பாவில் என்ன வருஷம் வெட்டியிருக்கிறதாக இவள் அங்கே சொன்னாள்?"

"1996 என்று ஞாபகம்."

"1994. கல்யாண வருஷம்கூடத் தெரியாதா இவளுக்கு? இனிமேல் சொல்வதானால் சரியாகச் சொல்லச் சொல்!"