பிப்ரவரியில் எரியும் சமவெளி

டெக்சஸ் மாநிலத்தின் வடமுனையில், ஸ்டின்னெட் என்ற சிற்றூரைத் தாண்டியதும் சாலையின் இரண்டு பக்கமும் புல்தான். ஓடைப் பள்ளங்களில் மட்டும் சில காட்டன்வுட் மரங்கள். மற்றபடி நிலத்தைவிட்டு உயர்ந்து நிற்பவை மின்கம்பங்கள். நான் போன அன்று மேல்காற்று வீசிக்கொண்டிருந்தது; கார்க் கதவைத் திறக்கவே பலம் வேண்டியிருந்தது. மரக் கம்பங்கள் ஒவ்வொன்றும் அசைவதைச் சாலையில் நின்றபடியே பார்க்க முடிந்தது.

2024 பிப்ரவரி 26 அன்று இந்த ஊருக்கு அருகே அப்படியொரு கம்பம் உளுத்துப்போய் முறிந்து விழுந்தது. மின்கம்பி காய்ந்த புல்லில் பட்டது. ஸ்மோக்ஹவுஸ் கிரீக் தீ என்று பெயர் பெற்ற அந்த நெருப்பு அணைந்தபோது 10,58,482 ஏக்கர் கருகியிருந்தது. சென்னை மாநகராட்சியின் பரப்பைப் போலப் பத்து மடங்கு. டெக்சஸில் பதிவான தீக்களில் இதுவே மிகப் பெரியது. இருவர் இறந்தார்கள். மாடுகள் மட்டும் ஏழாயிரத்துக்கு மேல். தீ மூண்டதில் தன் மின்தடக் கருவிகளுக்குப் பங்கிருப்பதாகத் தெரிகிறது என்று எக்ஸெல் எனர்ஜி நிறுவனம் அடுத்த மாதமே ஒப்புக்கொண்டது.

அந்தத் தீ ஓடிய பாதையில் இப்போது கரி இல்லை. இடுப்பளவு புல் வளர்ந்து, வெளுத்த பொன்னிறத்தில் காய்ந்து நிற்கிறது. லிட்டில் புளூஸ்டெம் என்ற புல் மட்டும் செம்பு நிறம். ஒரு பிடியை முறித்துக் கையில் கசக்கினேன், பொடியாகிவிட்டது. இந்தச் சமவெளியின் தீயைப் புரிந்துகொள்ள அந்தப் பொடியிலிருந்து தொடங்க வேண்டும். பெரிய மரக்கட்டை காய வாரங்கள் ஆகும். புல்லுக்கு ஒரு மணி நேரம் போதும். காலையில் பனி பெய்து நனைந்த புல், பகலில் ஈரப்பதம் இருபது விழுக்காட்டுக்குக் கீழே இறங்கி மேல்காற்றும் அடித்தால், பிற்பகலில் பற்றிக்கொள்ளும். போன வாரம் மழை பெய்ததே என்ற நினைப்பு இங்கே யாரையும் காப்பாற்றாது.

அமெரிக்காவின் வறட்சி வரைபடம் வியாழக்கிழமைதோறும் வெளிவருகிறது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் இருக்கும் வறட்சித் தணிப்பு மையமும் அரசுத் துறைகளும் சேர்ந்து 1999 முதல் வெளியிட்டு வருகின்றன. மஞ்சளில் தொடங்கி, நிலை முற்ற முற்ற அடர்சிவப்புக்குப் போகும். இங்குள்ள மாட்டுப் பண்ணைக்காரர்கள் அதைப் பார்க்காமல் வாரத்தைக் கழிப்பதில்லை. அரசின் வறட்சி நிவாரணம்கூட அந்த நிறத்தை வைத்துத்தான் கிடைக்கிறது. ஆனால் 2024 தீ மூண்ட வாரத்தில் இந்த வட்டாரத்தின் பெரும்பகுதி அந்த வரைபடத்தில் கடும் வறட்சியின் நிறத்தில் இல்லை. முந்தைய ஆண்டு கோடைத் தொடக்கத்தில் அமரில்லோ நகரின் தெருக்களில் வெள்ளம் நின்ற அளவுக்கு மழை. அந்த மழைதான் புல்லை வளர்த்தது. குளிர்காலம் அதைக் காயவைத்தது. மீதியைக் காற்று பார்த்துக்கொண்டது.

இந்த மண்ணில் ஆபத்தான கணக்கு இதுதான்: நல்ல மழை ஆண்டு, அதன் பின்னே வறண்ட குளிர்காலம். தொடர்ந்து பல ஆண்டு வறண்டால், 2011-க்குப் பிறகு நடந்தது போல, மேயக்கூடப் புல் மிஞ்சாது. எரிய என்ன இருக்கும்? மழையும் வறட்சியும் மாறி மாறி வரும்போதுதான் தீ பெருக்கிறது. வெப்பம் கூடக்கூட மண்ணின் ஈரத்தைக் காற்று விரைவாக உறிஞ்சுகிறது. இந்த ஊசலாட்டம் இன்னும் கூர்மையாகிறது. வரைபடத்தில் இந்த வாரம் நிறம் இல்லையே என்று நிம்மதி அடைபவர்களைப் பார்த்தால் எனக்குப் பதற்றமாகத்தான் இருக்கிறது.

போர்கர் வழியாகப் பாம்ப்பாவுக்குப் போகும் சாலையில் பழைய தீக்களின் நினைவும் கூடவே வருகிறது. 2006 மார்ச்சில் இந்தப் பக்கம் ஒன்பது லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்து 12 பேர் இறந்தார்கள். 2017 மார்ச்சில் லெஃபோர்ஸ் அருகே மாடுகளை வெளியேற்றப் போன மூன்று இளம் பண்ணை ஊழியர்கள் தீயில் சிக்கி மடிந்தார்கள். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல். கொளுத்தும் ஆகஸ்டில் அல்ல, புல் உறங்கும் இந்த மாதங்களில்தான் பெரிய தீக்கள் வருகின்றன.

கனேடியன் என்பது ஹெம்ஃபில் மாவட்டத்தின் தலைமை ஊர். அதே பெயர் கொண்ட ஆறு ஊரை ஒட்டி ஓடுகிறது. ஆற்றைவிட மணல் அகலம். 1916-இல் கட்டிய இரும்புப் பாலத்தில் இப்போது நடந்து மட்டும் போகலாம். அதன் மேல் நின்று இரு கரையையும் காட்டினார் எனக்கு வழிகாட்ட வந்த பண்ணைக்காரர். அறுபதைக் கடந்தவர், அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்.

"திங்கள் பிற்பகல் மேற்கிலிருந்து வந்தது. செவ்வாய்க்கிழமை முழுக்கக் கிழக்கே ஓடி ஓக்லஹோமாவுக்குள் போய்விட்டது. அப்போது அது ஒடுக்கமான நீளத் தீ. நாங்கள் அதன் தெற்கே இருந்தோம், தப்பித்தோம் என்று நினைத்தோம். சாயங்காலம் வாடை திரும்பியது."

அவர் கையை நீட்டி, பக்கவாட்டில் வீசிக் காட்டினார். இந்தச் சமவெளியில் உயிர்களைப் பறிப்பது அந்தத் திருப்பம்தான். மேல்காற்றில் தீ கிழக்கே ஓடும்போது அதன் முனை சில மைல் அகலம் இருக்கும். பக்கங்கள் மெதுவாகத்தான் பரவும். பின்னால் குளிர்முகம், அதாவது குளிர்காற்றின் முன்விளிம்பு, வந்து காற்று வடக்கிலிருந்து அடிக்கத் தொடங்கியதும், கீலில் கதவு திரும்புவது போல, பல பத்து மைல் நீளமுள்ள தென்பக்கம் முழுவதும் ஒரே நேரத்தில் தீமுனை ஆகிவிடுகிறது. அந்த நேரத்தில் தென்பக்கத்தில் நிற்பவர்கள், பக்கவாட்டிலிருந்து அணைக்கலாம் என்று வந்த தீயணைப்பு வீரர்கள். வானிலை நிலையங்கள் இந்தத் திருப்பத்தின் நேரத்தை முன்கூட்டியே ஓரளவு சரியாகச் சொல்லிவிடுகின்றன. புகைக்குள் நிற்பவரிடம் அந்தச் செய்தி போய்ச் சேர்வதுதான் கடினம். 2024 மே மாதம் டெக்சஸ் சட்டமன்றக் குழு வெளியிட்ட அறிக்கையும் வெவ்வேறு படைகளுக்கு இடையே தகவல் தொடர்பு சரியாக இல்லை என்றது. விமானங்கள் வேண்டிய நேரத்தில் அருகில் இல்லை என்றது. அந்தக் குழுவின் தலைவராக இருந்த கென் கிங் இதே கனேடியன் ஊர்க்காரர்.

மாடுகளைப் பற்றிக் கேட்டேன். வேலியை வெட்டிவிட்டதாகச் சொன்னார். "மாட்டுக்கு வழி தெரியாது, வேலி மூலையில் போய் ஒண்டும். கம்பியை வெட்டி, பச்சைக் கோதுமை வயலுக்குள் ஓட்டிவிட்டோம். கோதுமைக்குள் போனவை பிழைத்தன." குளிர்காலக் கோதுமை அந்த மாதத்தில் முழங்கால் எட்டாத பச்சைப் பயிர், தீ அதில் ஏறாது. பிழைக்காதவற்றைப் பற்றி அவர் குறைவாகவே பேசினார். மடி வெந்துபோன பசு கன்றுக்குப் பால் தராது. குளம்பு கழன்ற மாடு நடக்காது. அவற்றைச் சுட்டுத்தான் முடித்தார்கள், சொந்தக்காரர்களே. வேலியை மறுபடி போட மைலுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆகிறது என்றார். பிற மாநிலங்களிலிருந்து வைக்கோல் உருண்டைகளை ஏற்றிக்கொண்டு முன்பின் தெரியாதவர்கள் லாரி லாரியாக வந்ததைச் சொன்னபோதுதான் அவர் குரல் தழுதழுத்தது.

வறட்சியும் தீயும் அவருக்கு இரண்டு தனிக் கதைகள் அல்ல. மழை பொய்த்த ஆண்டுகளில் மந்தையைப் பாதியாக விற்றிருந்தார். மறுபடி கிடேரிகளை வளர்த்துச் சேர்த்தபோது தீ வந்தது. 2024 தொடக்கத்தில் அமெரிக்காவின் மொத்த மாடுகள் சுமார் 8 கோடியே 72 லட்சம். 1951-க்குப் பிறகு அதுவரை மிகக் குறைந்த எண்ணிக்கை. சமவெளி மாநிலங்களின் வறட்சி அதற்கு ஒரு முக்கியக் காரணம். விற்ற பசுவின் இடத்தில் இன்னொன்று வந்து ஈன இரண்டு ஆண்டுகளாவது ஆகும்.

அடுத்து எல்லை தாண்டி மேற்கு ஓக்லஹோமாவுக்குப் போனேன். அங்கே அக்கம்பக்க நில உரிமையாளர்கள் கூடித் தங்கள் நிலத்துக்குத் தாங்களே தீ வைக்கும் நாள். காலையில் ஒரு பிக்கப் வண்டியின் பின்பலகையில் வரைபடத்தை விரித்துத் திட்டத்தைப் படித்தார்கள். ஓக்லஹோமாவில் மீசோநெட் என்ற வானிலை வலை இருக்கிறது. மாநிலம் முழுக்க 120 நிலையங்கள், மாவட்டத்துக்குக் குறைந்தது ஒன்று, 1994 முதல் இயங்குகிறது. கைப்பேசியில் அருகிலுள்ள நிலையத்தின் காற்று வேகம், ஈரப்பதம் இரண்டையும் பார்த்தபடியே இருந்தார் பொறுப்பாளர். காற்று மிகக் குறைந்தாலும் ஆகாது, திசை மாறித் திரியும்.

முதலில் காற்று போய்ச் சேரும் பக்கத்தில் ஒரு பட்டையை எரித்துக் கறுப்பாக்கினார்கள். டீசலும் பெட்ரோலும் கலந்த கைக்கலனிலிருந்து நெருப்பு சொட்டுச் சொட்டாக விழ, ஒருவர் நடந்துகொண்டே போக, தண்ணீர்த் தொட்டி வண்டி பின்னால் ஊர்ந்தது. எதிர்காற்றில் தீ நகரும் வேகம் மனிதன் நடப்பதைவிடக் குறைவு. பட்டை அகலமானதும் மற்றப் பக்கத்திலிருந்து பற்றவைத்தார்கள். ஐந்து நிமிடத்தில் வயல் முழுக்க எரிந்து, கறுப்புப் பட்டையைத் தொட்டதும் அடங்கிவிட்டது. வெப்பம் முகத்தில் அறைந்தது. யாரும் கத்தவில்லை, ஓடவில்லை.

அவர்கள் குறிவைத்தது புல்லை மட்டும் அல்ல. அந்த நிலத்தில் இடுப்புயரத்துக்கு ஈஸ்டர்ன் ரெட் சீடர் மரக்கன்றுகள் நூற்றுக்கணக்கில் நின்றன. சீடர் என்று சொன்னாலும் அது ஒருவகை ஜூனிப்பர். இலையில் எண்ணெய்ப் பசை. பச்சையாக இருக்கும்போதே வெடித்து எரியும். வளர்ந்த சீடர் ஒன்று தீப்பிடித்தால் அதிலிருந்து பறக்கும் பொறிகள் தீத்தடுப்புக் கோட்டைத் தாண்டிப்போய் விழும். பறவைகள் பழத்தைத் தின்று வேலியோரம் எல்லாம் விதைத்துவிடுகின்றன. ஆனால் அதற்கு ஒரு பலவீனம்: தழை கருகினால் மறுபடி தளிர்க்காது. சிறு கன்றாக இருக்கும்போது ஒரு புல்தீயே போதும். டெக்சஸ் பக்கம் பரவியிருக்கும் மெஸ்கீட் அப்படி அல்ல, அடியிலிருந்து துளிர்த்துவிடும். நம் சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய உறவு என்பதால் அதன் பிடிவாதம் நமக்குத் தெரிந்ததுதான்.

இந்தச் சமவெளியில் முன்பு சீடர் பள்ளங்களிலும் பாறைச் சரிவுகளிலும் மட்டும் ஒதுங்கி இருந்தது. மின்னலும், கோமாஞ்சி, கயோவா பூர்வகுடி மக்கள் வைத்த தீயும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புல்வெளியைச் சுத்தம் செய்தன. 1874-இல் ஸ்டின்னெட்டுக்கு அருகே அடோபி வால்ஸில் நடந்த சண்டைக்குப் பிறகு, அந்த மக்களைப் படை கொண்டு இங்கிருந்து அகற்றினார்கள். கூடவே அவர்களின் தீயும் போயிற்று. வேலியும் மாடும் வந்தன; எந்தத் தீயையும் உடனே அணைப்பது வழக்கமாயிற்று. 1930-களின் புழுதிப் புயல்களுக்குப் பிறகு காற்றைத் தடுக்க அரசே வடக்கிலிருந்து தெற்கு வரை மரவரிசைகள் நட்டது. முதல் வரிசை 1935-இல் ஓக்லஹோமாவின் வில்லோ ஊருக்கு அருகே நடப்பட்டது. அந்த வரிசைகளில் சீடரும் ஒன்று. மண்ணைக் காக்க அன்று அது தேவைப்பட்டது. குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பரவிய சீடரை அடக்கத் தீயை விட்டால் மலிவான வழி இல்லை.

ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு முறையைச் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். நிலத்தை மூன்றாகப் பிரித்து ஆண்டுக்கு ஒரு பகுதியை எரித்தால், மாடுகள் புதுத்தளிர் தேடித் தாமாகவே அங்கே போய் மேய்ந்து புல்லைக் குட்டையாக்கிவிடும். பெருந்தீ வந்தால் அந்தத் திட்டில் அதன் வேகம் குறையும். மேய்ப்பவருக்கும் நட்டம் இல்லை. பிறகு ஏன் எல்லோரும் செய்யவில்லை என்று கேட்டேன். "தீ வேலியைத் தாண்டிவிட்டால் வழக்கு என் மேல்தானே" என்றார் ஒருவர். மாவட்ட நிர்வாகம் விதிக்கும் தீத்தடை இன்னொரு காரணம்; வறட்சி நீண்டால் தடையும் நீள்கிறது, எரிக்கத் தோதான நாட்கள் கையைவிட்டுப் போகின்றன.

மின்கம்பங்களைச் சோதித்துப் பராமரிக்கும் திட்டத்தை மின் நிறுவனங்கள் அரசிடம் தர வேண்டும் என்று 2025-இல் டெக்சஸ் சட்டம் இயற்றியது. நல்லது, காலம் கடந்து வந்தாலும் வேண்டியது. அதே அக்கறை, தன் நிலத்தை ஒழுங்காக எரிக்க முன்வரும் விவசாயிக்குக் காப்பீடும் ஆளும் தருவதில் வர வேண்டும். தண்ணீர்த் தொட்டி வண்டியோடு முதலில் ஓடிவருபவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள். அவர்களுக்கு வண்டியும் உடையும் வாங்கித் தருவது, பிறகு கொடுக்கும் எந்த நிவாரணத்தையும்விட மலிவு.

டல்லஸ் வட்டாரத்தில் நம்மவர்கள் ஏராளம். மார்ச் பள்ளி விடுமுறையில் 287-ஆம் நெடுஞ்சாலையில் அமரில்லோ வழியாகக் கொலராடோவுக்குக் காரில் போகும் குடும்பங்களும் உண்டு. தீக்காலத்தின் உச்சத்தில் அந்தச் சமவெளியைக் கடக்கிறீர்கள். கிளம்பும் முன் தேசிய வானிலைச் சேவை அந்த வழியில் தீ எளிதில் பரவும் நாளுக்கான சிவப்புக்கொடி எச்சரிக்கை விடுத்திருக்கிறதா என்று பாருங்கள். இழுவை வண்டி பூட்டியிருந்தால் அதன் சங்கிலி தார்ச்சாலையில் உரசுகிறதா என்று குனிந்து பாருங்கள். உரசும் சங்கிலி பொறி பறக்கவிடும். படம் எடுப்பதற்காகச் சாலையோரப் புல்லில் வண்டியை ஏற்றி நிறுத்தாதீர்கள். எஞ்சினின் அடிப்புறச் சூடு காய்ந்த புல்லைப் பற்றவைக்கும். எங்காவது புகை தெரிந்தால் உடனே 911-ஐ அழைத்துச் சாலை எண்ணையும் மைல்கல் எண்ணையும் சொல்லுங்கள்.