கண்ணகி கோயில் வளையல்

ஏப்ரல் 22, 2024, திங்கள். குமுளி

சாயங்காலமே கம்பத்திலிருந்து சித்தி வந்து இறங்கிவிட்டாள். கூடவே மதினியும், கல்லூரியில் படிக்கும் அவள் மகளும். போன வெள்ளிக்கிழமை ஓட்டுப் போட்ட மை மூன்று பேர் விரலிலும் இன்னும் அழியவில்லை. குமுளி கேரளத்தில் இருப்பதால் எனக்கு ஓட்டு வரும் வெள்ளிக்கிழமைதான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரே இரைச்சல். ஒருபுறம் மைக் கட்டிய பிரசார ஜீப்புகள், இன்னொருபுறம் நாளைக்குக் கண்ணகி கோயிலுக்கு மலையேறப் போகும் ஜீப்புகள்.

சித்தி இளவட்டமாக இருந்தபோது லோயர் கேம்ப்பை அடுத்த பளியங்குடியிலிருந்து நடந்தே ஏறியவள். ஆறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். முழுக்கக் காடு, செங்குத்து. இப்போது முட்டி ஒத்துழைப்பதில்லை. இத்தனைக்கும் ஏலத் தோட்ட வேலையை மட்டும் விடவில்லை. விடியுமுன்னே கம்பத்தில் ஜீப் ஏறி, மலைக்கு இந்தப் பக்கம் வந்து காய் எடுத்துவிட்டுப் பொழுது சாய வீடு திரும்புகிறாள். எல்லை, எல்லை என்று நாம் பேசுவது அவளுக்குத் தினசரி பஸ் ரூட் மாதிரி.

கோயில் இருப்பது பெரியாறு புலிகள் காப்பகத்தின் விளிம்பில், 1,337 மீட்டர் உயரத்தில். கேரளம் தன்னுடையது என்கிறது. தமிழ்நாடு தன்னுடையது என்கிறது. தேனி, இடுக்கி ஆட்சியர்கள் கூடிப் பேசித்தான் சித்ரா பௌர்ணமியன்று மட்டும் வழி திறக்கிறார்கள். பிளாஸ்டிக் பாட்டில் கூடாது, அசைவம் கூடாது, இருட்டுமுன் இறங்கிவிட வேண்டும். நியாயமான கட்டுப்பாடுகள்தான். யானை நடக்கிற காட்டில் நாம்தான் விருந்தாளி.

ஏப்ரல் 23, செவ்வாய்

இருட்டோடு போயும் முன்னால் பெரிய வரிசை. ஜீப்பில் ஏறினால் பாதையா அது! கம்பியை விட்டால் அடுத்தவர் மடியில் போய் விழ வேண்டியதுதான். தலை முடியெல்லாம் செம்புழுதி. மதினி வழி நெடுக "முருகா முருகா" என்றுகொண்டே வந்தாள். அம்மன் கோயிலுக்குப் போகும்போது முருகனையா கூப்பிடுவது என்று மகள் கேட்டதற்கு அவளிடம் பதில் இல்லை.

மேலே புல்வெளி. கிழக்கே எட்டிப் பார்த்தால் கூடலூரும் கம்பமும் காலடியில் கிடக்கின்றன. 1895ல் முல்லைப் பெரியாறு அணை கட்டியபின் மேற்கே ஓடிய தண்ணீர் கிழக்கே திரும்பி விளையவைத்த வயல்கள். சித்தி தன் தெரு இருக்கும் திசையைக் கை நீட்டிக் காட்டினாள். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

கோயில் என்று சொன்னால் கோபுரத்தை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். சரிந்த மதில், புரண்டு கிடக்கும் கருங்கல், சிறுசிறு சன்னதிகள். ஒரு பக்கம் தமிழ்நாட்டு முறையில் பூசை. இன்னொரு பக்கம் கேரளத்து முறையில். கண்ணகி சன்னதிக்கு நீண்ட வரிசை. இதே அம்மனைத் துர்க்கை என்று கும்பிடுகிறவர்களும் அதே வரிசையில் நிற்கிறார்கள். யாரும் யாரையும் திருத்தவில்லை.

மதுரையை எரித்தபின் கண்ணகி வைகைக் கரை வழியே மேற்கே நடந்து, மலை ஏறி, வேங்கை மர நிழலில் நின்றாள். பதினாலாம் நாள் கணவன் கோவலன் வந்து வானூர்தியில் அழைத்துப்போனான். கண்டது மலைக்குறவர்கள் என்கிறது சிலப்பதிகாரம். அந்தச் சேதி சேர மன்னன் செங்குட்டுவனுக்குப் போனதும், நம் நாடு தேடி வந்த பத்தினிக்குக் கோயில் எடுக்க வேண்டும் என்று சொன்னது அவன் தேவி வேண்மாள். இமயத்துக் கல் வந்தது. இலங்கைக் கயவாகு மன்னனும் விழாவுக்கு வந்தான். அந்தக் கோட்டம் இதுதான் என்று பேராசிரியர் சி. கோவிந்தராசனார் 1963ல் கண்டு சொன்னார். கொடுங்கல்லூரைச் சொல்பவர்களும் உண்டு. எனக்கு அந்த வழக்கில் அக்கறை குறைவு. மலைவாசிகளும் ஓர் அரசியும் ஆரம்பித்த கும்பிடு என்பதுதான் எனக்குப் பிடித்தது.

பிரசாதம் கொடுக்கும் இடத்தில் பெண்களுக்கு மங்கல நாணும் வளையலும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சித்தியும் போய்க் கை நீட்டினாள். சித்தப்பா போய் வெகுகாலம் ஆகிறது. அவள் நெற்றியைப் பார்த்தாலே தெரியும். பின்னால் நின்ற ஓர் அம்மாள், "குங்குமம் மட்டும் வாங்கிக்கிட்டு வாங்களேன்" என்று மெதுவாகத்தான் சொன்னார். சித்தி திரும்பினாள்.

"ஏத்தா, இந்தா உள்ள நிக்கிறவளும் புருசனப் பறிகொடுத்தவதான். கைவளைய ஒடச்செறிஞ்சிட்டு வந்தவதான். அவளுக்கே அடுக்கி விட்டிருக்கு. எனக்கு ஆகாதாக்கும்?"

உண்மைதான். மதுரையை விட்டுப் போகும்போது கொற்றவை கோயில் வாசலில் வளையலை உடைத்துவிட்டு நடந்தவள் கண்ணகி. அவள் சன்னதியில் எல்லாரும் பட்டும் பூவும் வளையலும் குவிக்கிறார்கள். இதை எத்தனையோ கட்டுரையில் படித்திருக்கிறேன். இப்படி நேரே கேட்க எனக்குத் தோன்றியதில்லை. கொடுக்கிறவர் மறு பேச்சின்றி ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மாளும் சும்மா இல்லை. "சின்ன அளவா இருக்கே, மாத்திக் குடுங்க" என்று சித்திக்காகச் சிபாரிசு செய்தார். ஏலக்காய் எடுத்துக் காய்ப்பேறிய கை, லேசில் வளையல் ஏறுமா? கடைசியில் எண்ணெய் விளக்கில் விரலைத் தொட்டுத் தடவிப் போட்டுவிட்டதும் அவர்தான்.

அன்னதானச் சாப்பாடு நன்றாக இருந்தது. வெயில்தான் தாங்கவில்லை.

ஏப்ரல் 24, புதன்

நேற்று கள்ளழகர் வைகையில் இறங்கியதை இன்று டிவியில் பார்த்தோம். கண்ணகி எரித்த மதுரையில் திருவிழா, அவள் வந்து சேர்ந்த மலையிலும் திருவிழா. இரண்டும் ஒரே பௌர்ணமி.

மதினி மகளுக்கு ஆவேசம் வந்துவிட்டது. பளியங்குடி வழியாக ரோடு போட வேண்டுமாம். ஒரு நாள் போதாது, மூன்று நாள் திறக்க வேண்டுமாம். மனு எழுதப் போவதாகச் சொன்னாள். கேட்டுக்கொண்டே சித்தி பையை எடுத்தாள். நாளைக்குத் தோட்டத்துக்குப் போக வேண்டும்.

"மூணு நாளா? யாரு புள்ள கூலி குடுப்பா? ரோடு போட்டா ஆன எந்தப் பக்கம் போகும்? நடக்குற பாதையில முள்ள வெட்டி, அங்கங்க தண்ணித் தொட்டி வைக்கச் சொல்லு. கெழவிங்க உக்கார நாலு கல்லு போடச் சொல்லு."

ரோடு விஷயத்தில் நானும் சித்தி கட்சிதான். மகள் முதலில் முகத்தைத் தூக்கினாள். பிறகு பேனாவை எடுத்து, "தண்ணித் தொட்டி எந்தெந்த எடத்துல, அப்பத்தா?" என்றாள். சித்தி பையைக் கீழே வைத்துவிட்டு, பளியங்குடியிலிருந்து ஒவ்வொரு வளைவாகச் சொல்ல ஆரம்பித்தாள்.