அழற்சியும் ஸ்டீராய்டும்: சில எண்ணங்கள்

சிப்பி தன்னுள் புகுந்த அயற்பொருளைப் படலம் படலமாகப் போர்த்தியே முத்தாக்குகிறது. அந்த எதிர்வினையைப் பயன்படுத்தித்தான் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் 1973இல் எங்கள் தூத்துக்குடியில் முத்தை வளர்த்துக் காட்டினர். மனித உடலும் அயற்பொருளைக் கண்டு சும்மா இருப்பதில்லை. அதன் எதிர்வினைக்கு அழற்சி என்று பெயர்.

இதை நாங்கள் கற்றது அப்பாவின் இதய அறுவை சிகிச்சையின்போது. பாய்த்தோணித் தண்டலாகக் கொழும்புக்கும் மாலேக்கும் சென்று வந்தவர் அவர். மதுரையில் அறுவை முடிந்த மூன்றாம் இரவு, "காத்து மாறிட்டு, பாய எறக்குங்கலே" என்று கட்டிலிலிருந்து எழ முயன்றார். பிள்ளைகள் மூவரில் ஒருவரையும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

இந்தக் குழப்பத்தை டெலிரியம் என்கிறார்கள். இதய நுரையீரல் இயந்திரத்தின் குழாய்களில் ஓடித் திரும்பும் குருதி உடலெங்கும் அழற்சியை எழுப்புகிறது. அது மூளையையும் பாதிக்கக்கூடும் என்று மருத்துவர் விளக்கினார். அழற்சியை அடக்க ஸ்டீராய்டு இருக்கிறதே, கொடுத்தால் என்ன என்று கேட்டோம்.

கேள்வி நியாயமானது என்றார் அவர். நியாயமானது என்பதால்தான் அதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் 4494 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மயக்கம் கொடுத்த கையோடு டெக்ஸாமெத்தசோன் செலுத்தினர். 2012இல் வெளியான முடிவில், மரணம், மாரடைப்பு, பக்கவாதம் முதலிய பெருங்கேடுகள் குறைந்ததாக உறுதிப்படவில்லை. அவர்களுள் ஒரு பகுதியினரிடம் டெலிரியத்தை நாள்தோறும் சோதித்த 2014ஆம் ஆண்டின் கிளை ஆய்விலும் பலன் தென்படவில்லை. பின்னர் 18 நாடுகளில் 7507 பேரிடம் மெத்தில்பிரட்னிசலோனைச் சோதித்தனர். 2015இல் வந்த அந்த முடிவிலும் மரணமோ டெலிரியமோ குறையவில்லை. முன்கூட்டியே கொடுத்தும் தடுக்காத மருந்து, வந்தபின் தீர்க்கும் என்று நம்ப இடமில்லை. சர்க்கரை ஏறும், புண் ஆறுவது தாமதமாகும் என்ற கவலைகள் வேறு.

எங்களுக்குச் சொல்லப்பட்டவை எளிய காரியங்கள். அப்பாவின் மூக்குக்கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் உடனே மாட்டினோம். நாளும் கிழமையும் சொன்னோம். பகலில் சன்னல் திரையை விலக்கினோம், இரவில் உறங்கவிட்டோம். அனுமதித்த நேரமெல்லாம் ஒருவர் மாற்றி ஒருவர் அருகில் இருந்தோம். ஆறாம் நாள் தெளிந்தார். எங்களால்தான் தெளிந்தார் என்று சொல்ல மாட்டோம். பலருக்கும் இது சில நாட்களில் தானாகவே அடங்குவதுண்டு.

நோயாளிக்குத் துணையிருப்பவர்களிடம் நாங்கள் வேண்டுவது இதுதான்: மருந்தைப் பற்றித் தயங்காமல் கேளுங்கள். "கொடுத்துப் பார்த்தாயிற்று, பயனில்லை" என்று மருத்துவர் சொன்னால், அதைக் கைவிரிப்பாக எண்ண வேண்டாம். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் பல்லாயிரம் நோயாளிகள் இருக்கிறார்கள்.