கசப்பும் மணமும்

ஒரு பொருளின் சுவையை மிகுவிக்க விரும்புவோர், அதற்குரிய சரக்கை மிகுதியாக இடுவதே வழியெனக் கருதுவர். உப்புக்கும் புளிக்கும் இது பொருந்தலாம், மணத்துக்குப் பொருந்தாது. இவ்வுண்மையை, றொசல்லவிற் பிறந்து இலண்டனில் வாழும் இரசாயனவியற் பட்டதாரி ஒருவன், இருமுறை தோற்ற பின்னரே உணர்ந்தான். உணர்த்தியவர் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட அவனுடைய தந்தையார்.

வட்டவளைக்கும் அட்டனுக்கும் இடையே, புகையிரதப் பாதையை ஒட்டிக் கிடக்கும் சிற்றூர் றொசல்ல. தென்மேற்குப் பருவக்காற்றின் மழையை மார்பில் ஏற்கும் மலைச்சரிவு அது. அங்குள்ள தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில், தோட்டத்து மக்கள் 'ஸ்டோர்' என வழங்கும் அவ்விடத்தில், தந்தையார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். உருட்டிய கொழுந்தைப் பரப்பி, அது பச்சை வாடை நீங்கிக் கனிந்த மணம் கொள்ளும் தறுவாயை மூக்கினால் அறிந்து, உலர்த்தும் பொறிக்கு அனுப்புவது அவர் பணி. சற்றுப் பிந்தினால் சாயம் கூடும், மணம் குன்றும். கடிகாரம் சுவரில் இருந்தது. ஆயினும் மேலதிகாரிகளும் அவர் முகத்தையே பார்த்து நின்றனர்.

மகன் இலண்டனில் பொழுதுபோக்காகப் பியர் வடிக்கத் தொடங்கினான். இங்கிலாந்தில் 1963ஆம் ஆண்டு முதல், சொந்தப் பாவனைக்கு வீட்டிற் பியர் வடிக்க உரிமப்பத்திரம் வேண்டுவதில்லை. இலங்கையிலோ 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி, உரிமமின்றி மது வடித்தல் குற்றமாகும். அவன் தேர்ந்தது 'இந்தியா பேல் ஏல்' என்னும் வகை. கப்பலில் மாதக்கணக்காகப் பயணஞ்செய்து இந்தியாவை அடைய வேண்டியிருந்தமையால், கெடாது காக்கும் ஹொப்ஸ் பூக்களை மிகுதியாக இட்டு ஆங்கிலேயர் வடித்த பானத்தின் வழிவந்தது அது. பழைய காலத்தில் காவலுக்கு இட்ட பூவை இக்காலத்தார் மணத்துக்காகவே நாடுகின்றனர்.

முதன்முறை இருபது லீற்றருக்கு நூறு கிராம் ஹொப்ஸ் இட்டான்; பெரும்பகுதியை ஒரு மணித்தியாலம் கொதிக்கவிட்டான். கசப்பு இருந்தது, மணம் இல்லை. மறுமுறை நூற்றைம்பது கிராம் இட்டு அவ்வாறே கொதிக்கவைத்தான். நாக்கு மரத்துப்போகுமளவு கசந்தது. மணம் முன்போலவே இல்லை.

அவ்வேளையில் தந்தையார் மகனைக் காண இலண்டன் வந்திருந்தார். அடுப்பில் இருப்பது யாதென அறிந்ததும் அவர் முகம் இருண்டது. அவருடைய அண்ணன் கசிப்புக் குடித்து மாண்டவர். சம்பள நாளன்று லயத்து வாசலில் அழுது நின்ற பெண்களை அவர் மறந்தவரல்லர். "இதக் குடிச்சு அழிஞ்ச குடும்பத்துல இருந்து வந்து, நீ இதையே காய்ச்சுறியா?" என்று கேட்டார். மகனிடம் மறுமொழி இல்லை. பானை கொதித்துக்கொண்டிருந்தது; எலுமிச்சையும் மலரும் கலந்தாற்போன்ற வாசனை வீடெங்கும் பரவியது. நெடுநேரம் கழித்து, கோபம் தணியாமலே, தந்தையார் மற்றொன்றைச் சொன்னார்: "வீடெல்லாம் மணக்குதே தம்பி, அப்பப் பானையில என்ன மிஞ்சும்? ஸ்டோர் மணத்தா தூள் மணக்காது."

படித்த இரசாயனம் அப்போதுதான் அவன் நினைவுக்கு வந்தது. ஹொப்ஸ் பூவில் இருவகைப் பொருள்கள் உள்ளன. அல்பா அமிலங்கள் நீண்ட கொதிப்பில் உருமாறிக் கசப்பைத் தருவன. மணம் தரும் எண்ணெய்களோ ஆவியோடு அகன்றுவிடுவன. அவ்வெண்ணெய்களுள் லினலூல், ஜெரனியோல் என்னும் இரண்டும் உண்டு. மலைநாட்டுத் தேயிலையின் மலர்மணத்துக்கு முதன்மையான காரணிகளும் இவையே. மகன் பானையில் இழந்துகொண்டிருந்ததும், தந்தை ஆயுள் முழுவதும் காத்து நின்றதும் ஒரே பொருள்.

மூன்றாம் முறை அவன் அளவைக் கூட்டுவதிலும் நேரத்தை மாற்றுவதிலேயே கருத்தூன்றினான். கசப்புக்கெனப் பதினைந்து கிராமை மட்டும் ஒரு மணித்தியாலம் கொதிக்கவைத்தான். அடுப்பை அணைத்து, சாறு 80 பாகை செல்சியசுக்குத் தணிந்த பின்னர், அறுபது கிராம் இட்டு மூடி இருபது நிமிடம் வைத்தான். அவ்வெப்பத்தில் கசப்பு மெதுவாகவே இறங்கும், எண்ணெயும் பெரிதும் தங்கும். மதுவம் தன் நொதித்தலைப் பெரும்பாலும் முடித்த பின்னர், லீற்றருக்கு ஐந்து கிராம் வீதம் கொதியாத ஹொப்சை இட்டு மூன்று நாள் ஊறவிட்டான். மணத்தை மறைக்கும் தீய்ந்த இனிப்புடைய மோல்ற்றைக் குறைத்தான். ஒட்சிசன் பட்டால் மணம் கெடும் என்பதால், சலசலப்பின்றிப் போத்தலில் அடைத்தான்.

போத்தல் திறந்த நாளில் தந்தையார் குடிக்கவில்லை, மகன் வற்புறுத்தவுமில்லை. கிண்ணத்தை மாத்திரம் முகத்தருகே கொணர்ந்து, கண்களை மூடினார். "நிக்குது" என்றார். சிறிது பொறுத்து, "தை, மாசியில காஞ்ச காத்தடிக்கிறப்போ நம்ம ஸ்டோருல இப்பிடித்தான் இருக்கும்" என்றார். வறண்ட குளிர்காற்று வீசும் அம்மாதங்களிலேயே அச்சரிவின் மிகச் சிறந்த தேயிலை விளைகிறது.

அப்போது மகன் கேட்டான்: "அந்தத் தூள நாம வீட்டுல ஒரு நாளாச்சும் குடிச்சிருக்கோமா அப்பா?"

தந்தையார் சிரித்தார். வீட்டுக்குக் கிடைத்தது கழிவுத் தூளே. மணமுள்ளது பெட்டிகளில் ஏறி, றொசல்லப் புகையிரத நிலையத்தைக் கடந்து கொழும்புக்குச் சென்றது. அங்கிருந்து கப்பலேறி இதே இலண்டனுக்கும் வந்தது. மணத்தைப் போகவிடாது காக்கும் கலையில் வல்லவர், அம்மணத்தைக் கிண்ணத்திற் கண்டவரல்லர். அவருடைய அறிவுக்குச் சான்றிதழும் இல்லை. சம்பளப் பட்டியலில் அதற்கென ஒரு நிரலும் இருந்ததில்லை.

மறுநாட் காலை மகன் கடைக்குச் சென்று, மலைநாட்டு இலைத்தேயிலை ஒரு பொதி வாங்கி வந்தான். நீரைக் கொதிக்கவைத்து இலையின்மீது ஊற்றி, கிண்ணத்தை மூடி வைத்தான். எப்போது திறப்பது என்று கேட்க அவன் வாயெடுக்குமுன், தந்தையார் கையை உயர்த்திப் பொறுக்கச் சொன்னார்.