நாலு முழக் கம்பி

தொலைக்காட்சியில் ஆபிரிக்கக் காடுகளைக் காட்டும்போதெல்லாம் என் மனைவி அடுப்பைத் தணித்துவிட்டு வந்து கதவடியில் நிற்பாள். செரெங்கெட்டிப் புல்வெளியில் ஜீப் வண்டிகள் வரிசையாக நிற்கும். புதிதாகக் கல்யாணம் முடித்த ஒரு ஜோடி தொலைநோக்கியை மாறி மாறி வாங்கிப் பார்த்துக்கொண்டிருக்கும். "இவங்களுக்கு இது முதல் நாளாம்" என்பாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டாள். சொல்லாததும் எனக்கு விளங்கும்.

முப்பத்தைந்து வருடங்களாக ஹற்றனுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். விடியுமுன் வேன் பிடித்தால் ஹோட்டன் சமவெளிக்கு மூன்று மணித்தியாலப் பயணம். கொழும்பிலிருந்தும் கடல் கடந்தும் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். நாங்கள் போகவில்லை. பாடசாலைப் பிள்ளைகளை மூன்று தடவை அங்கே சுற்றுலா அனுப்பிவைத்தவன் நான். மூன்று தடவையும் வேறொரு ஆசிரியரைப் பொறுப்பாகப் போட்டுவிட்டு வீட்டில் நின்றுகொண்டேன். குளிர் ஒத்துக்கொள்ளாது என்று சாட்டுச் சொன்னேன். ஹற்றனில் பிறந்து வளர்ந்தவன் சொல்லும் சாட்டா அது?

'சஃபாரி' என்பது ஸுவாஹிலிச் சொல். பயணம் என்று பொருள். அறபியிலுள்ள 'ஸபர்' என்ற சொல்லிலிருந்து அங்கே போனது. நம் வீடுகளில் பெரியவர்கள் ஊர்ப்பயணம் போகும்போது சொன்ன அதே ஸபர்தான். ஒருநாள் இதை அவளுக்கு விளக்கமாகச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "சொல்லுக்கு அர்த்தம் சொல்லிட்டீங்க. கூட்டிட்டுத்தான் போகல்ல" என்றாள்.

2024ஆம் ஆண்டு பெப்ரவரியில்தான் போக வாய்த்தது. நான் ஓய்வுபெற்றிருந்தேன். அவளுடைய இடது முழங்கால் தேய்ந்துகொண்டே வந்தது. "அடுத்த வருஷம் என்னால நடக்க ஏலாது. இப்பயும் இல்லண்டா இனி இல்லதான்" என்றாள். அதற்குப் பிறகு சாட்டுச் சொல்ல வாய் வரவில்லை.

இரவு இரண்டரை மணிக்குப் புறப்பட்டோம். வேனை ஓட்டிய தம்பி பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்தில் பிறந்தவர். என்னிடம் படிக்காவிட்டாலும் என்னை 'சேர்' என்றே அழைத்தார். தலவாக்கலை, நானுஓயா, நுவரெலியா எல்லாம் உறங்கிக்கொண்டிருந்தன. அம்பேவல தாண்டிப் பட்டிப்பொல வந்தபோது கண்ணாடியில் பனி படிந்திருந்தது. இலங்கைப் புகையிரதப் பாதையில் ஆக உயரத்திலுள்ள நிலையம் அது. அங்கிருந்து இன்னும் மேலே ஏற வேண்டும்.

நுழைவாயிலில் வனசீவராசிகள் திணைக்களத்தார் பைகளைத் திறந்து பார்த்தார்கள். அவள் விடிய எழும்பிச் சுட்ட ரொட்டியும் சீனிச் சம்பலும் பொலித்தீன் பையில் இருந்தன. பையை வாங்கிவிட்டுப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருந்த தாளையும் உரித்தெடுத்தார்கள். "நம்மட வீட்டுக்கும் இவங்களக் கூப்பிடணும்" என்று சிரித்தாள்.

உள்ளே போய்ச் சிறிது தூரத்தில் வெளிச்சம் வந்தது. நான் நினைத்திருந்த காடு அல்ல அது. கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே, மடிப்பு மடிப்பாகப் புல்வெளி. புல் நுனியெல்லாம் உறைபனி. வெளியின் விளிம்புகளில் மட்டும் குள்ள மரங்கள் பாசி போர்த்துக்கொண்டு நின்றன. அந்தப் புல்லுக்குள் மரைக் கூட்டமொன்று மூச்சுப்புகை விட்டபடி மேய்ந்துகொண்டிருந்தது. "வேன நிப்பாட்டுங்க தம்பி" என்று அவள் போட்ட சத்தத்தில் ஒரு மரை மட்டும் தலை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் மேயத் தொடங்கியது. அவள் என் கையைப் பிடித்தாள். தொலைக்காட்சியில் கண்ட அந்த ஜோடியின் ஞாபகம் எனக்கு வந்தது.

ஃபார் இன் கட்டடத்தடியில் வேனை நிறுத்தினோம். வேட்டைக்கு வந்த வெள்ளைக்காரர்கள் தங்கிய இடம் அது. இப்போது வருகையாளர் நிலையம். கொம்பு முற்றிய மரையொன்று வாகனத்துக்கு வாகனம் போய் மோப்பம் பிடித்தது. உணவு கொடுக்க வேண்டாம் என்று பலகை வைத்திருந்தும், பிஸ்கட் கொடுத்துப் பழக்கிவிட்டிருக்கிறார்கள். வேட்டைக்காரர் விடுதி வாசலில் அது பிச்சைக்கு நிற்பதைப் பார்க்க எனக்கு ஒருமாதிரி இருந்தது.

நடைபாதை சுற்றிவர ஒன்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. அவளுக்குக் கை கொடுக்க வேனோட்டும் தம்பியும் கூட வந்தார். நடந்துகொண்டே எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஆசிரியனுக்கு வாய் சும்மா இராது. இந்த வெளிக்குத் தேசாதிபதி வில்மட் ஹோட்டனின் பெயரை வைத்தார்கள். 1988இல் தேசியப் பூங்காவானது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஏனைய காடுகளோடு சேர்த்து உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டது. "யானை இல்லையா?" என்று கேட்டாள். இருந்தது. இந்த மலைகளிலெல்லாம் இருந்தது. பதுளையில் அரச அதிகாரியாக இருந்த மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டதாகச் சொல்வார்கள். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. இந்தப் புல்வெளியில் இன்று ஒரு யானை கூட இல்லை.

பாதையில் குறுக்கிடும் நீர்வீழ்ச்சிக்குப் பெயர் தந்த சாமுவேல் பேக்கரும் வேட்டைக்காரர்தான். நுவரெலியாவில் குடியேறிப் பண்ணை நடத்தினார். நாய்களை ஏவி இங்கே மரை வேட்டையாடினார். பிறகு ஆபிரிக்காவுக்குப் போய், தன் துணைவி ஃபுளோரன்ஸுடன் நைல் நதியின் மூலத்தைத் தேடி அலைந்து, 1864இல் அல்பர்ட் ஏரியைக் கண்டார். "அப்ப அவரு பொஞ்சாதியக் கூட்டிட்டுத்தான் போயீக்கிறாரு" என்றாள் என் மனைவி. வேனோட்டும் தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

சற்றுத் தூரம் போனதும் அந்தத் தம்பி குனிந்து நின்றார். பாதையோரத்தில் காய்ந்த எச்சம். முழுக்க மயிர். "புலி சேர். மரையத் தின்னிருக்கு" என்றார். இலங்கையில் வரிப்புலி கிடையாது. சிறுத்தையைத்தான் மலைநாட்டில் புலி என்கிறோம். அவள் எச்சத்தைச் சுற்றி ஒருதரம் வந்து பார்த்துவிட்டு, பாதையோரக் கல்லொன்றில் உட்கார்ந்து முழங்காலைத் தடவினாள். தம்பி முன்னால் நடந்துவிட்டார்.

"நீங்க எப்பவாச்சும் புலியக் கண்டீக்கீங்களா?"

இந்தக் கேள்வியை அவள் முன்பும் கேட்டிருக்கிறாள். இல்லை என்றே சொல்லிவந்தேன். அன்று அந்த இடத்தில் நின்றுகொண்டு இல்லை என்று சொல்ல முடியவில்லை.

1974ஆம் ஆண்டு. எனக்குப் பதினொரு வயது. அரிசியும் மாவும் தட்டுப்பாடான காலம். பாணுக்கு வரிசை. தோட்டங்களில் ஆட்கள் பசியால் இறந்த காலம் அது. வாப்பாவுக்குத் தோட்டத்தையொட்டிய கடைத்தெருவில் சிறியதொரு கடை. கடைக்குப் பின்னால் உருளைக்கிழங்கும் மரவள்ளியும் போட்டிருந்தோம். எங்கள் வீட்டில் ஏழு பேர். இரவில் காட்டுப்பன்றி வந்து கிழங்கைக் கிளறிவிட்டுப் போகும். காலையில் உம்மா மண்ணைக் கையால் துழாவி மிச்சத்தைப் பொறுக்குவா.

லயத்திலிருந்த ஓர் அண்ணன் வாப்பாவோடு ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார். கடையிலிருந்து கம்பி எங்களுடையது. சுருக்கு வைக்கும் வேலை அவருடையது. பன்றி விழுந்தால் இறைச்சி அவருக்கு. எங்களுக்கு அது ஆகாது. கிழங்கு தப்பினால் போதும். சைக்கிள் பிரேக் கம்பிச் சுருள் கடையில் தொங்கியது. மலைச்சரிவில் யார் சைக்கிள் ஓட்டினார்கள்? எங்கள் தோட்டத்தில் ஒருவரிடமும் சைக்கிள் இருக்கவில்லை. ஆனாலும் அந்தக் கம்பி விற்றுக்கொண்டே இருந்தது. வாப்பா சொல்ல, நாலு முழம் அளந்து குறட்டால் வெட்டிக் கொடுத்தவன் நான்தான்.

ஐந்தாறு நாள் கழித்து, விடியும்போது ஆட்கள் ஓடினார்கள். நானும் ஓடினேன். சுருக்கில் பன்றி இல்லை. பன்றியின் வழியில் புலி வந்திருக்கிறது. தலையும் முன்னங்கால்களும் கடந்துபோக, கம்பி இடுப்பில் இறுகிவிட்டது. இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு அது. கட்டையைச் சுற்றி வட்டமாகப் புல்லும் மண்ணும் பறிந்து கிடந்தன. இரவு முழுக்கச் சுற்றியிருக்கிறது. லயத்தில் இருந்தவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். திருவிழாக் கூட்டம்போல் ஆகிவிட்டது. சிலர் கல் எறிந்தார்கள். அது யாரையும் பார்க்கவில்லை. கம்பியையே கடித்துக்கொண்டிருந்தது. கட்டையில் முறுக்கிக் கட்டியிருந்த கம்பியின் நுனி என் கண்ணுக்கு நேரே இருந்தது. என் குறடு சரிவாக வெட்டிய நுனி. மதியத்துக்குள் அது அடங்கிவிட்டது.

வாப்பா அன்று கடை திறக்கவில்லை. அதைப் பற்றிப் பேசவும் இல்லை. அடுத்த கிழமை வேறொருவர் வந்து கம்பி கேட்டார். நான் அளந்து வெட்டிக் கொடுத்தேன். அவளிடம் சொல்ல எனக்கு ஆகக் கஷ்டமாக இருந்தது அந்தக் கடைசி விசயம்தான்.

"டிக்கட் எடுக்காம நான் போன முதல் சஃபாரி அது" என்று பகிடிபோலச் சொல்லி முடிக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. வெகுநேரம் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "அந்த வருஷம் கிழங்கு மிஞ்சிச்சா?"

மிஞ்சியது என்றேன். இரண்டு சாக்கு. அதை எல்லாருமாகத் தின்றோம்.

"அப்ப என்னத்தச் சொல்ற" என்றாள். எழும்பக் கையை நீட்டினாள். நான் பிடித்துத் தூக்கினேன்.

உலக முடிவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. பத்து மணிக்கு முன் போனால்தான் காணலாம் என்பார்கள். எங்களுக்கு முன்னால் வெள்ளைப் பஞ்சு மாத்திரம்தான். 870 மீற்றர் ஆழமான அந்தப் பள்ளம் தெரியவில்லை. அரை மணித்தியாலம் காத்திருந்தோம். ஒரே ஒரு தடவை காற்று அடித்து முகில் விலகியது. கீழே, வெகு கீழே, நொன்பரெல் தோட்டத்துத் தேயிலைப் பாத்திகளும் சில தகரக் கூரைகளும் தெரிந்தன. எல்லாரும் படம் எடுத்தார்கள். "அது லயமா?" என்று கேட்டாள். லயம்தான் என்றார் வேனோட்டும் தம்பி. முகில் மூடிவிட்டது.

திரும்பும் வழியில் அவள்தான் அவரிடம் பேச்சுக் கொடுத்தாள். அவருடைய லயத்தில் ஒரு வருடத்துக்குள் நான்கு நாய்களைப் புலி கொண்டுபோய்விட்டதாம். இருட்டினால் பிள்ளைகளை மலசலகூடத்துக்குத் தனியே அனுப்புவதில்லை. கொழுந்து பறிக்கும் பெண்கள் விடிய நிரைக்குள் இறங்குமுன் சத்தம் போட்டுக்கொண்டுதான் இறங்குவார்கள். "நீங்க காசு குடுத்துத் தேடுறீங்கம்மா. நாங்க வர வேணாம்னு கும்பிடுறோம்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. உள்ளதைச் சொன்னார்.

தேயிலை மலைகளின் உச்சிகளிலும் ஆற்றோரங்களிலும் மிஞ்சியிருக்கும் துண்டுக் காடுகளில்தான் இந்தச் சிறுத்தைகள் வாழ்கின்றன. ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக வழி தேயிலைக்குள்தான். டிக்கோயாப் பக்கம் டன்கெல்ட் தோட்டத்தில் தானியங்கிக் கமெராக்களை வைத்து ஆய்வாளர்கள் இதைப் பதிவுசெய்துவருகிறார்கள். 2020ஆம் ஆண்டு மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் தோட்டமொன்றில் கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்கில் மாட்டியது. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். சில நாட்களில் இறந்துவிட்டது. அதற்கும் யாரோ ஒருவர் கம்பி வெட்டிக் கொடுத்திருப்பார். அவரும் பன்றிக்கென்றுதான் கொடுத்திருப்பார். அந்தச் செய்தி வந்த அன்று நான் பத்திரிகையை மடித்து அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டேன். ஏன் வைத்தேன் என்று அவள் அப்போது கேட்டாள். பதில் சொல்ல நான்கு வருடம் ஆகியிருக்கிறது.

வாப்பாவின் கடையை இப்போது என் தங்கையின் மகன் நடத்துகிறார். போய்வந்த அடுத்த நாள் அந்தப் பக்கம் போனேன். பெயின்ட் டப்பாக்களுக்கு மேலே கம்பிச் சுருள் அதே ஆணியில் தொங்கியது. இதைக் கேட்டு வருகிறவர்களிடம் என்னத்துக்கு என்று விசாரிக்கிறாயா என்று கேட்டேன். சுருக்கு வைப்பது சட்டப்படி குற்றம் என்பதையும் சொன்னேன்.

"எல்லாரும் பிரேக்குக்குத்தான் என்டு சொல்றாங்க மாமா" என்றார்.

இப்போது மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் நிறைய இருக்கின்றன. சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். மேலே சரிவைப் பார்த்தேன். யாருடையதோ மரக்கறிப் பாத்தி, இரவில் பன்றி வந்துபோன அடையாளத்தோடு கிளறிக் கிடந்தது. ஒரு பெண் குந்தியிருந்து மிஞ்சிய கிழங்கைக் கையால் துழாவிக்கொண்டிருந்தாள். மருமகனிடம் அதற்கு மேல் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. சுருளில் மிஞ்சியிருந்ததை முழுவதும் விலை கேட்டேன். என்னத்துக்கு மாமா என்றார்.

பிரேக்குக்கு என்றேன்.